படத்தின் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி

என் மூத்தவள் ராத்தாவின் கல்யாணத்துக்கு நாலு படங்கள் எடுத்தார்கள். ஒன்றில் மாமாவின் பெருவிரல் மட்டும் விழுந்தது. இன்னொன்றில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. மூன்றாவது முழுக் கறுப்பு. உருப்படியாக வந்த ஒன்றிலும் மணப்பெண் கமராவைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்தபடி மேலே பார்க்கிற சிறுமி நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தப் பெரிய சூறாவளி அடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கல்முனையில் எங்கள் தெருவில் கூரையோடு நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தென்னைகள் ஒரே பக்கமாக விழுந்து கிடந்தன. சாய்ந்த மின்கம்பங்களை நிமிர்த்த யாரும் வரவில்லை. எங்கள் வீட்டு ஓடுகளும் பறந்துவிட்டன. நடு அறை மட்டும் தப்பியது. காரணம், அந்த அறைக்கு மேலே பலகை அடித்து மச்சுப் போட்டிருந்தார்கள். நாவிதன்வெளி வயலில் விளைகிற நெல்லை மூட்டையாகக் கட்டி வாப்பா அங்கேதான் அடுக்குவார். மச்சு மிகவும் தாழ்வு. வாப்பா கையை உயர்த்தினால் உள்ளங்கை பலகையில் முட்டும். மச்சுக்கு ஏறுகிற வழி அறைக்குள் இல்லை. பின்னால் சமைக்கிற குசினிப் பக்கமாக ஏணி வைத்து ஏற வேண்டும். காற்றுக்குப் பிறகு மச்சின் மேல் தகரம் போட்டார்கள். வீட்டின் மற்ற இடமெல்லாம் ஓலைக் கிடுகுதான்.

அந்த நடு அறையில்தான் சாச்சி இத்தா இருந்தார்.

சாச்சி உம்மாவின் தங்கை. பிள்ளைகள் இல்லாதவர். ராத்தாவைப் பெற்றது உம்மா என்றாலும் வளர்த்தது சாச்சிதான். பால் மறந்த நாளிலிருந்து பெரிய பிள்ளையாகும் வரை ராத்தா உறங்கியது சாச்சியின் பாயில். சூறாவளி அன்று சாச்சியின் வீட்டுச் சுவர் சாச்சாவின் மேல் விழுந்தது. சாச்சியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அவர் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். புருஷன் மௌத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது, வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. சாச்சிக்கு வீடே போய்விட்டதால் எங்கள் நடு அறைக்கு வந்து, வெள்ளைச் சேலையோடு கதவைச் சாத்திக்கொண்டார்.

பின்னேரங்களில் நான் அந்த அறைக்குள் போய், சாச்சியின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஆயத்துல் குர்ஸியை ஓதிக் காட்டுவேன். ஓதுபள்ளியில் என் வயதுப் பிள்ளைகளில் அதை முழுதாகப் பாடமாக்கியது நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு மேலே இருந்தது. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் எப்போதும் தடக்குப்படுவேன். உடனே சாச்சி கட்டில் பலகையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடியும் முதலிலிருந்து ஓத வேண்டும். இதை ஓதினால் எந்த ஜின்னும் கிட்ட வராது என்று ஓதுபள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த நாட்களில் அது மிகவும் தேவைப்பட்டது. கூரை போன வீடுகளில் ஜின் வந்து குடியேறிவிட்டது என்று ஊரெல்லாம் கதை. அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பெண் மத்தியான நேரத்தில் வெள்ளையாக ஒன்றைக் கண்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

இந்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு சவூதிக்கு விசா வந்துவிட்டது. இன்னும் பதினைந்து நாளில் பயணம். நிக்காஹை முடித்துவிட்டுத்தான் போவேன் என்றார் அவர். பெண்ணின் படமும் ஒன்று வேண்டுமாம், அங்கே வைத்துப் பார்ப்பதற்கு. மாப்பிள்ளையின் உம்மா ஒரு நாள் வந்து, வெற்றிலையை மடித்தபடி, சாத்திக் கிடந்த கதவைப் பார்த்தார்.

"இத்தாக்காரி இரிக்கிற ஊட்டுக்குள்ள என்ட புள்ளயக் கூட்டிக்கு வரமாட்டன். கடல் தாண்டிப் போற புள்ள. முதல் நாளே அபசகுனம் எனக்கு ஏலா."

மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசல் லெவ்வை சொன்னார். ஆனால் லெவ்வையா எங்களுக்குச் சம்பந்தம் பண்ண வந்திருந்தார்? உம்மா உடனே சொன்னார்: "அவ அண்டைக்கு இந்த ஊட்டுக்குள்ள இரிக்கமாட்டா. நீங்க பயப்படாம வாங்க."

கல்யாணத்தன்று விடிந்து பார்த்தால் நடு அறைக் கதவு திறந்து கிடந்தது. சாச்சி இல்லை. மருதமுனைப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் உம்மா. இத்தாவில் இருக்கிறவர் எப்படிப் போகலாம் என்று நான் கேட்டேன்.

"பெரிய மனுஷிக் கதையெல்லாம் கதைக்காத. போய்த் தல சீவு."

கிடுகு வீட்டில் மழைக்கோ கண்ணுக்கோ மறைவு கிடையாது என்பதால் பெண்கள் இருக்க அந்த அறைதான் ஏற்பாடாகியது. மாமா வந்து கலர்க் கடதாசி ஒட்டினார். மாமா என்றால் உம்மாவுக்கும் சாச்சிக்கும் ஒரே தம்பி, நெல் ஆலையில் வேலை, பனைமரத்துக்குக் கொஞ்சம்தான் குறைந்த உயரம். கல்யாண அறையில் மேலே வெள்ளைத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். துணியைக் கொண்டுவந்து கொடுத்த பெண்களிடம் அவர், "மேல துணியும் கட்டினா மாப்பிள்ளைட தொப்பி முட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். வழக்கத்தை மாற்றுகிறானே என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

வெயில் ஏறியதும் ஆண்கள் வெளியே பந்தலில் கூடினார்கள். அந்நிய ஆண்கள் பார்க்காதபடி அறையின் ஜன்னல்களை அடைத்து, பெற்றோல்மாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்தார்கள். இருபது பெண்களும் விளக்கும் சேர்ந்து அறை அடுப்பாகிவிட்டது. ராத்தாவைக் கட்டிலில் இருத்தி முக்காட்டைச் சரிசெய்தார்கள். நான் அவள் காலடியில் இருந்தேன்.

அப்போதுதான் முதலில் கேட்டேன். மேலே பலகை மெல்ல முனகியது. எலி என்று நினைத்தேன். பிறகு ராத்தாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி, சுவரோரக் கதிரைக்குக் கொண்டுபோனார்கள். மேலே முனகலும் அவளோடு நகர்ந்து, அந்தக் கதிரைக்கு மேலே போய் நின்றது. தலைப்பின்னலைத் திருத்துவதற்காக மறுபடியும் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். முனகலும் திரும்பி வந்தது. எலிக்குக் கல்யாணப் பெண்ணோடு என்ன வேலை? பெண்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பலகை இடுக்கிலிருந்து நெல்லுமித் தூசு விளக்கு வெளிச்சத்தில் மெல்ல இறங்கியது. அதற்குப் பின்னால் ஒரு துளித் தண்ணீர், ராத்தாவின் முக்காட்டில் நேராக விழுந்தது.

மாப்பிள்ளையின் உம்மா கண்டுவிட்டார். "என்ன புள்ள இது? மழயுமில்ல, பனியுமில்ல. மேலருந்து என்ன சொட்டுது?"

எங்கள் உம்மா பாய்ந்துபோய்ப் பன்னீர்ச் செம்பை எடுத்து, "பன்னீர்தான் மச்சி, இந்தாங்க, உங்களுக்கும்" என்று அவர் தலையில் தொடங்கி எல்லோருடைய தலையிலும் மழையாகப் பொழிந்தார். ஒரு செம்பு முழுக்க முடிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். உம்மா மட்டும் வெறும் செம்பை இன்னும் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். உம்மாவும் ஜின்னைக் கண்டுகொண்டார், வெளியே சொல்லப் பயப்படுகிறார் என்று நான் முடிவுகட்டினேன். மாப்பிள்ளையின் உம்மாவுக்குத் தெரிந்தால் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். ராத்தாவின் கல்யாணம் அந்தப் பலகைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு நன்றாக விளங்கியது.

நிக்காஹ் முடிந்து, குரவை போட்டு மாப்பிள்ளையை உள்ளே கூட்டிவந்து தாலி கட்ட வைத்தார்கள். அடுத்தது படம். படக்காரர் பெரியநீலாவணையைச் சேர்ந்தவர், கல்முனைக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்நிய ஆண் பெண்களின் அறைக்குள் வர முடியாது. அதனால் அவர் கமராவைச் சரிசெய்து திரைக்குக் கீழால் உள்ளே நீட்டினார். வாங்கினது மாமா. பிறந்ததிலிருந்து கமராவைத் தொட்டறியாத மாமா. வாசலில் திரையை இழுத்து மூடி, படக்காரர் வெளியே நின்று சத்தம் போட, மாமா உள்ளே நின்று பொத்தானை அமத்துவது என்று ஏற்பாடு.

மூன்று படங்களை மாமா வந்த வேகத்திலேயே வீணாக்கினார். சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

"எல்லாரும் விழுறாங்களா?" என்றார் திரைக்கு வெளியே படக்காரர்.

"இல்ல. அற காணாது."

"பின்னுக்குப் போங்க."

"பின்னுக்குச் சுவர்தான் இரிக்கி." மாமா நிமிர்ந்தபோது தலை பலகையில் 'ணங்' என்று முட்டியது. மேலே எதுவோ சட்டென்று பின்வாங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்ப குந்துங்க."

"குந்தினாலும் மாப்பிள்ளைட தல விழுதில்ல."

"அப்ப படுங்க!" என்றார் படக்காரர் பொறுமை இழந்து.

மாமா பாயில் படுத்தார். வெள்ளைச் சட்டையோடு தரையில் நீட்டி நிமிர்ந்து, கமராவை நெஞ்சில் ஊன்றிக்கொண்டார். பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழேயிருந்து எடுத்தால் முகங்களோடு மச்சுப் பலகையும் படத்துக்குள் வரும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

"மகள்" என்று ராத்தாவைக் கூப்பிட்டார் மாமா. "நீ கொஞ்சம் மேல பாரு."

"மேல என்ன கிடக்கு பாக்கிறதுக்கு?" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"லைட்டுக் கண்ணுல அடிச்சா கண்ண மூடிருவாள் மச்சி. மேல பாரு மகள்."

ராத்தா நிமிர்ந்தாள். நானும் நிமிர்ந்தேன். எங்களுக்கு நேர் மேலே, பலகையில் கணு கழன்று விழுந்த ஓட்டை ஒன்று இருந்தது. பத்துச் சதக் காசுக் குற்றி அளவுதான் இருக்கும். பளிச்சென்று அறை முழுதும் வெளிச்சம் அடித்தது. அந்த ஓட்டைக்குள் ஒரு கண் இருந்தது.

இமைக்காத ஈரக் கண். அது ராத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போனதும் ஓட்டை வெறும் இருட்டானது. ராத்தாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்ததைக் கண்டேன். பாவம், அவளும் கண்டுவிட்டாள், பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பெண்கள் ராத்தாவையும் அழைத்துக்கொண்டு பின்பக்கம் பலர் சேர்ந்து உண்ணுகிற சோற்றுச் சஹன் வைத்திருந்த இடத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. இன்றைக்குப் பின்னேரம் ராத்தா இந்த அறையில்தான் மாப்பிள்ளையோடு இருக்கப்போகிறாள். அது மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். யாரிடமாவது சொன்னால் மாப்பிள்ளையின் உம்மா காதுக்குப் போகும். ஆகவே நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். சூறாவளியில் முறிந்த குடை ஒன்றின் கம்பி என்னிடம் இருந்தது. மூன்று மாதமாக அதுதான் என் விளையாட்டுச் சாமான். அதை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறி, தலையணைகளின் மேல் நின்று, ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினேன்.

முதல் வரிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பலகை முனகியது. தூரத்தில் இல்லை, என் பக்கமாக. ஓதினால் விலகிப் போகும் என்று சொன்னார்களே, இது ஏன் கிட்ட வருகிறது? நான் குரலைக் கூட்டினேன். அது இன்னும் கிட்ட வந்தது. ஓட்டையில் கண் மறுபடியும் வந்து நின்றது. இந்தத் தடவை என்னைப் பார்த்தது. நான் எப்போதும் தடக்குப்படுகிற இடம் வந்தது. தடக்குப்படாமல் தாண்டினேன். கண் ஓட்டையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்ததும், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஓட்டைக்குள் குத்தினேன்.

கத்தல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூச்சு மட்டும் உள்ளே இழுபட்டு நின்றது. என் மணிக்கட்டில் ஒரு துளி விழுந்தது, சூடாக இருந்தது. ஜின் நெருப்பால் படைக்கப்பட்டது, சூடாகத்தான் இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு அதைப் பாவாடையில் துடைத்தேன்.

பின்பக்கம் ஓடிப்போய், சஹனில் இருந்த ராத்தாவின் காதில் சொன்னேன்: "பயப்படாத ராத்தா. மேல இருந்தத நான் குடைக்கம்பியால கண்ணுல குத்தித் துரத்திட்டன்."

ராத்தாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. எதிரே மாப்பிள்ளையின் உம்மா இருந்தார். ராத்தா ஒரு பிடிச் சோற்றை எடுத்து வாயில் வைத்து மென்றாள். மெல்ல மெல்லக் கண்ணீர் கொட்டியது.

"நானெல்லோ மகன உன்ட ஊட்டில உட்டுட்டுப் போறன். நீ ஏன் புள்ள அழுற?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் வீடு மாறுவது மாப்பிள்ளைதானே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சாப்பிட்ட அளவுக்கு வேறு எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் போனார்கள். உம்மாவும் மாமாவும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சாச்சி மருதமுனையிலிருந்து வந்துவிட்டார் என்றார்கள். மாப்பிள்ளை இருந்ததால் நடு அறை இல்லை. குசினிக்குப் பக்கத்தில் கிடுகால் மறைத்த மூலை. இடது கண்ணில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். நெல்லுத் தூசு விழுந்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அவசரத்துக்கு இத்தாவில் தடையில்லை என்று லெவ்வை சொல்லியனுப்பினார். சாச்சி மறுத்துவிட்டார். இது எங்கே நடந்தது என்று நாலு பேர் கேட்பார்கள், மாப்பிள்ளை பயணம் போகும்வரை இந்தக் கதை வெளியே போகக்கூடாது என்று பிடிவாதம். அதற்குப் பிறகு போனபோது பிந்திவிட்டது. துணியை அவிழ்த்தபோது கருமணியில் பால் படர்ந்திருந்தது.

அந்தப் படத்தை மச்சான் சவூதிக்குக் கொண்டுபோனார். ஆறு வருடம் அது அங்கேதான் இருந்தது. அடியோடு ஊருக்கு வந்துசேர்ந்தபோது, பெட்டியிலிருந்து எடுத்து என்னிடம் தந்து சிரித்தார். "மேல ஒரு வெள்ளப் புள்ளி இரிக்கி, பாரு. அது ஜின்னாம் எண்டு எங்கட அறையில இருந்தவனுகளெல்லாம் பயந்த."

பார்த்தேன். மச்சுப் பலகை, கணுவோட்டை, அதற்குள் அரிசிமணி அளவில் ஒரு வெளிச்சம். ராத்தா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மருதமுனைக்கெல்லாம் அவ போகல்ல" என்றாள். "இத்தாவில வெளிய அனுப்பினா குத்தம். ஊட்டுக்குள்ள வெச்சா மாமி வரமாட்டா. மாமாதான் ஏணி வெச்சு ஏத்தினார். ஊட்டிலயும் இல்ல, வெளியயும் இல்ல எண்டு. விடியத்துல இருந்து அந்தத் தகரத்துக்குக் கீழ." பிறகு மெல்லச் சொன்னாள்: "என்னப் பாக்க ஆசப்பட்டா."

மேலே துணி கட்டவிடாத மாமாவும், பாயில் படுத்த மாமாவும், மேலே பார் என்ற மாமாவும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தலையணையில் ஏறி நிற்கிற ஒருத்தி வந்தாள். அவள் கையில் கம்பி இருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு சாச்சியிடம் போனேன். குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை வைத்துவிட்டுப் படத்தை வாங்கி, வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ராத்தாவின் முகத்தை விரலால் தடவினார். பிறகு அந்தப் புள்ளிக்கு வந்தார்.

"நானும் விழுந்திரிக்கன் என்ன? மாமா சொன்ன மாதிரியே எடுத்திரிக்கான்."

நான் அழுதுகொண்டே, "சாச்சி, அது நான்தான்" என்றேன்.

"ஓம், தெரியும். உன்ட சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சாச்சி விலகல்ல? நான் ஓத ஓத ஏன் கிட்ட வந்த?"

சாச்சி சுளகை மறுபடியும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நடுவுல ஒரு இடத்தில எப்பவும் தடக்குப்படுவாய் எல்லோ. தடக்குப்பட்டா பலகையில தட்டுவம் எண்டுதான் கிட்ட வந்தன்" என்றார். "அண்டைக்கு நீ தடக்குப்படல்ல மகள். முழுக்க வடிவா ஓதின."